குவாத்தமாலாவில் உள்ளூர் பஸ் எதுவரை போதும்?

கேள்வி: நவம்பரில் இரண்டு வாரம் குவாத்தமாலா போகிறோம். அன்டிகுவா, அதித்லான் ஏரி, செமுக் சாம்பே குளங்கள், திகால் மாயா இடிபாடுகள் நான்கையும் பார்க்க வேண்டும். முழுக்கவும் ‘சிக்கன் பஸ்’ எனும் உள்ளூர் பஸ்ஸிலேயே போனால் செலவைக் குறைக்க முடியுமா?

பதில்: அன்டிகுவா, அதித்லான் வரை தாராளமாகப் போகலாம். அதற்கு வடக்கே உள்ளூர் பஸ்ஸை மட்டும் நம்பினால், மிச்சமாகும் காசு வழியில் தங்கும் அறை வாடகைக்கே போய்விடும். இங்கே கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். எத்தனை இடத்தில் பஸ் மாற வேண்டும், இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியுமா என்ற இரண்டையும் பாருங்கள். நவம்பரில் மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும். நான்கு மணிக்குப் பிறகு பல தடங்களில் பஸ் குறைந்துவிடும், மலைப்பாதையில் இரவுப் பயணமும் பாதுகாப்பில்லை.

சிக்கன் பஸ் என்பது அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து. அங்குள்ளவர்கள் காமியோனெத்தா என்பார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தாக வேண்டும். அதித்லான் போக, அன்டிகுவாவில் சந்தைக்குப் பின்னால் உள்ள நிலையத்திலிருந்து காலை ஏழு, எட்டு மணிக்குள் சிமால்தெனாங்கோ பஸ்ஸில் ஏறுங்கள். அங்கே இறங்கி, நெடுஞ்சாலையில் மேற்கே போகும் பஸ்ஸுக்கு நில்லுங்கள். பலகையில் ஏரிக்கரை ஊரான பனாஹச்செல் அல்லது அதற்கு மேலுள்ள சொலோலா என்று இருந்தால் மிக நல்லது. இல்லையென்றாலும் கவலை வேண்டாம்: ஷேலா (கெட்சால்தெனாங்கோ), உவேஉவே (உவேஉவேதெனாங்கோ), கிச்சே என்று எந்த ஊருக்குப் போகும் பஸ்ஸும் லோஸ் என்குவெந்த்ரோஸ் கூட்டுரோடு வழியாகத்தான் போகும். அங்கே இறங்கி சொலோலாவுக்கு ஒரு பஸ், சொலோலாவிலிருந்து எட்டு கிலோமீட்டர் இறக்கத்தில் பனாஹச்செலுக்கு இன்னொன்று. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. சுற்றுலா ஷட்டில் வேன் இதைப்போல மூன்று நான்கு மடங்கு காசு கேட்கும். வியாழன் அல்லது ஞாயிறு என்றால் அதே கூட்டுரோட்டிலிருந்து வடக்கே திரும்பி சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தையையும் பார்த்துவிடலாம்.

ஏறும்போதே அயுதாந்தேயிடம், அதாவது கண்டக்டரிடம், இறங்குமிடத்தைச் சொல்லிவிடுங்கள். பெரிய பையை அவர் கூரைமேல் ஏற்றிவிடுவார். பாஸ்போர்ட், பணம், போன் உள்ள சிறிய பை மடியிலேயே இருக்கட்டும், தலைக்கு மேலுள்ள தட்டில் வேண்டாம். பஸ் கிளம்பிய பிறகுதான் காசு வாங்க வருவார். பக்கத்து சீட்டுக்காரர் எவ்வளவு கொடுக்கிறார் என்று முதலில் கவனியுங்கள். 5, 10, 20 கெட்சால் தாள்களாக வைத்திருங்கள். 100 கெட்சாலை நீட்டினால் சில்லறை வரத் தாமதமாகும், சிலசமயம் வராமலே போகும். ஏடிஎம் 100 கெட்சால் தாள்களாகவே தரும் என்பதால், முதல் நாளே பெரிய கடை ஒன்றில் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏரியில் லான்ச்சா எனும் மோட்டார் படகுதான் பஸ். பனாஹச்செலில் படகுத்துறை இரண்டு. சான் மார்க்கோஸ், சான் பெத்ரோ போகும் படகுகள் ஒரு துறையிலும், சாந்தியாகோ அதித்லான் படகுகள் இன்னொன்றிலும் நிற்கும். துறை மாறி நின்றால் தனிப்படகு பேச ஆள் வந்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லி, ஊர்க்காரர்கள் ஏறும் படகில் ஏறுங்கள். காசை இறங்கும்போது கொடுத்தால் போதும். மதியத்துக்கு மேல் ஷொகொமில் காற்று கிளம்பினால் அலை எழும், படகின் முன்பகுதி தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்கள் பின்னால் உட்காருங்கள். முடிந்தவரை ஏரிப் பயணத்தைக் காலையிலேயே முடியுங்கள்.

கரையோர ஊர்களில் ஓடும் துக்துக் நம்மூர் பஜாஜ் ஆட்டோவேதான். மீட்டர் கிடையாது, ஏறுமுன் பேசிவிடுங்கள்.

செமுக் சாம்பேக்கு ஷட்டிலில் காசு போடுங்கள், அதில் தயக்கமே வேண்டாம். அன்டிகுவாவிலிருந்து அதற்குப் பக்கத்து ஊரான லான்கீனுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உள்ளூர் வண்டிகளில் போனால் தலைநகரிலும் கோபானிலும் மாற வேண்டும். ஓர் இணைப்பு தவறினால் கோபானில் ராத்தங்கல்தான். லான்கீனிலிருந்து குளங்கள் சுமார் 11 கிலோமீட்டர். பிக்அப் வண்டியின் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகலாம், செலவு குறைவு. அடுத்து, திகாலுக்குப் போகத் தங்கும் ஊரான ஃப்ளோரெஸுக்கும் ஷட்டிலே சரி. அதுவும் ஒரு முழுப் பகல் பிடிக்கும்.

ஃப்ளோரெஸ் தீவுக்குப் பாலம்போல் சாலை உண்டு. கரையில் உள்ள சாந்தா எலேனாவிலிருந்து திகாலுக்குக் காலையில் மைக்ரோபஸ் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம். திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வையுங்கள்.

தலைநகருக்குத் திரும்ப சாந்தா எலேனாவிலிருந்து இரவுப் பேருந்து. சுமார் 500 கிலோமீட்டர், பத்து மணி நேரம் வரை. இரவில் போகலாம் என்று நாங்கள் சொல்வது இந்த ஒரு தடத்தை மட்டும்தான், அதுவும் வழியில் நின்று ஆள் ஏற்றாத உயர்வகுப்பு வண்டியில். ஏசி உறைய வைக்கும், ஸ்வெட்டர் கையிலேயே இருக்கட்டும். தலைநகருக்குள் நகரப் பேருந்தில் ஏறாதீர்கள். அவற்றைக் குறிவைத்துக் கொள்ளையும் மாமூல் கேட்டுத் துப்பாக்கிச்சூடும் நடக்கின்றன. ஊபர் உண்டு, அதையே பயன்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. போராட்டக்காரர்கள் நெடுஞ்சாலையை மறிப்பது அங்கே அடிக்கடி நடக்கும், மழை முடிந்த பிறகும் மண்சரிவால் சாலை அடைபடுவதுண்டு. இரவுப் பேருந்திலிருந்து இறங்கி நேரே விமானம் ஏறும்படி டிக்கெட் போடாதீர்கள். ஒரு நாள் முன்னதாக வந்து, விமான நிலையம் உள்ள 13-ஆம் மண்டலத்தில் தங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள விடுதிகள் பலவும் விமான நிலையத்தில் கொண்டுவந்து விடும்.