சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி செல்லாது

செல்லப்பிராணியோடு ஐரோப்பாவுக்கு இரண்டு மாதத்தில் கிளம்புகிறோம், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசி முதலில், மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) அப்புறம் வைத்தோம் என்கிறீர்கள், சிக்கலே அங்குதான். சிப்புக்கு முன்னால் போட்ட வெறிநோய் ஊசியை ஐரோப்பிய ஒன்றியம் கணக்கில் எடுக்காது, நாளைக்கே மறுபடி போட்டுவிடுங்கள். நீங்கள் இருக்கும் நாடு ஒன்றியத்தின் பட்டியலில் இல்லையென்றால், ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும், அதில் எதிர்ப்பொருள் (ஊசியால் உடலில் உருவாகும் நோய் எதிர்ப்புப் புரதம்) மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யூ.வுக்கு (சர்வதேச அலகு) குறையாமல் இருக்கவேண்டும், அதோடு ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்கவும் வேண்டும். அப்படியென்றால் இரண்டு மாதம் போதாது, தயவுசெய்து டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள், பாவம், தாள் சரியில்லாமல் போனால் தனிமையில் அடைபடுவது அந்த ஜீவன்தான்.

சுகாதாரச் சான்றிதழுக்கு இப்போது அவசரப்படாதீர்கள், அரசு மருத்துவர் கையெழுத்திட்டதிலிருந்து 10 நாளுக்குள் அங்கே போய்ச் சேரவேண்டும். எல்லாத் தாளிலும் அந்த 15 இலக்க சிப் எண்ணை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.