கோல் கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். ஃபுட்பால் மேட்ச் பார்க்க அப்பாவையும் ஆறாவது படிக்கும் மகனையும் கூட்டிப் போகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி. மகன் பாட்டுப் பாடும் ரசிகர்கள் பக்கம்தான் வேண்டும் என்கிறான். கோல் கம்பத்துக்குப் பின்னால் எடுத்தால் விலை குறைவு என்கிறார்கள் நண்பர்கள். எங்கே எடுப்பது?
– வாசகர், பழையபேட்டை, கிருஷ்ணகிரி

பதில்: விலையைப் பார்க்கும் முன், மைதானத்தில் ஓட்டப்பாதை இருக்கிறதா என்று பாருங்கள். கண்டீரவாவில் இருக்கிறது, சென்னை நேரு ஸ்டேடியத்திலும் இருக்கிறது. வழக்கமான 400 மீட்டர் பாதைக்கு உள்ளே இருக்கும் இடம் சுமார் 157 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். அதற்குள் 105-க்கு 68 மீட்டர் ஆடுகளம். நீளப் பக்கத்தில் எல்லைக்கோட்டை ஒட்டியே பாதை வந்துவிடும். கோல் கம்பத்துக்குப் பின்னாலோ 26 மீட்டர் வெற்றிடம். பாதையின் அகலம் 10 மீட்டரையும் சேர்த்தால், முதல் வரிசைக்கே நீளப் பக்கத்தில் 12 மீட்டர், கோல் பக்கத்தில் 36 மீட்டர் தூரம். எதிர்முனை கோல் 140 மீட்டருக்கு அப்பால்! இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து, கோல் அடித்தது யார் என்று பக்கத்து ஆளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

அதனால் நீளப் பக்கம், நடுக்கோட்டுக்கு அருகே எடுங்கள். முதல் வரிசைகள் வேண்டாம். விளம்பரப் பலகையும் மாற்று வீரர்கள் உட்காரும் கூடாரமும் மறைக்கும். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில் பாதி ஏறினாலே நம் ஊர் எப்படி விரிந்திருக்கிறது என்று தெரியுமே, அதுபோல நடு வரிசைகளில்தான் யார் எங்கே நகர்கிறார்கள் என்பது புரியும். அப்பாவுக்காக நுழைவு வழியை ஒட்டிய ஓரத்து இருக்கையாகப் பாருங்கள்.

மகன் கேட்பது பெங்களூரு எஃப்.சி. அணியின் ரசிகர் குழுவான வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் பக்கம். அவர்கள் முழு ஆட்டமும் நின்றுகொண்டே பாடுவார்கள். அந்த வயதுப் பையனுக்கு முதுகுகள்தான் தெரியும், அப்பாவால் நிற்கவும் முடியாது. பாட்டு மைதானம் முழுக்கக் கேட்கும். தள்ளி உட்கார்ந்தே அவன் கூடப் பாடலாம்.

பணம் பற்றவில்லை என்றால் மூலைப் பக்கத்தின் மேல் வரிசைகள் பரவாயில்லை. அப்புறம், டிக்கெட்டில் இருக்கை எண் இல்லாமல் பிளாக் பெயர் மட்டும் இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். வாசலில் யாராவது போனில் ஸ்கிரீன்ஷாட் காட்டி விற்றால் வாங்காதீர்கள். அதே க்யூ.ஆர். கோடைப் பத்துப் பேருக்கு விற்றிருந்தாலும், முதலில் ஸ்கேன் செய்தவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும்.