செல்ஃப் சுழல்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: கிட் கார் கட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே கிட் காரை, அதாவது பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டும் காரை, முடித்து, முதன்முறையாகவோ நீண்ட இடைவெளிக்குப் பிறகோ சாவியைத் திருப்பியவர்களுடையவை. ஒரு காரிலிருந்து எடுத்த இன்ஜின், வேறொன்றின் பெட்ரோல் பம்ப், சொந்தக் கையால் இழுத்த வயரிங் என்று சேர்ந்து உருவான வண்டிக்குப் பொருந்தும் பழுதுநூல் எங்கும் கிடைக்காது. அதனால் பழைய வண்டியில் ஒழுங்காக ஓடிய பாகத்தைச் சந்தேகிப்பதற்கு முன், நீங்கள் புதிதாகச் செய்த இணைப்பைச் சந்தேகியுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

கேள்வி: பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் புதியவை. ஆனாலும் இன்ஜின் தளர்ந்து சுழல்கிறது, தீப்பொறியும் மங்கலாக இருக்கிறது. காயிலை (தீப்பொறிக்கான உயர் வோல்டேஜை உருவாக்கும் பாகம்) மாற்றலாமா?

பதில்: காயிலைத் தொடாதீர்கள். இரண்டு குறைகளும் ஒன்றாகத் தோன்றுவதால் எர்த் இணைப்பையே, அதாவது மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியையே, முதலில் பார்க்க வேண்டும். இரும்பு உடல் கொண்ட காரில் மின்சாரம் திரும்பி வரப் பல வழிகள் உண்டு. ஃபைபர் கிளாஸ் உடலோ மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸின் மேலிருக்கும் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைத் தடுக்கும். எனவே இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் சேஸிஸிலிருந்து பேட்டரிக்கும் தடித்த எர்த் பட்டை கட்டாயம் வேண்டும், அது பிடிக்கும் இடத்தில் பெயின்ட் சுரண்டப்பட்டுப் பளபளக்கும் உலோகம் தெரிய வேண்டும்.

சோதிக்கும் முறை இது. இன்ஜின் பிடித்துவிடாதபடி காயிலுக்குச் செல்லும் 12 வோல்ட் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்துக்கொண்டு, உடனிருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. அடுத்து பேட்டரியின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி, செல்ஃப் சுழலும்போதும் ஏறத்தாழ 10 வோல்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. செல்ஃப் சுழலாத நேரத்தில் அளந்து 12 வோல்ட் இருக்கிறது என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை, ஏனெனில் ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரும் பளு இல்லாதபோது 12 வோல்டைக் காட்டிவிடும். செல்ஃப் அடித்தபின் சோக் கேபிளோ ஆக்ஸிலரேட்டர் கேபிளோ சூடாக இருந்தால் மேலும் தேட வேண்டாம், எர்த் இல்லாத மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை இன்ஜின் பிடிக்கிறது. சாவியை விட்டவுடன் அணைந்துவிடுகிறது.

பதில்: பெட்ரோலைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. பாயிண்ட் வகை இக்னிஷன் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனைகளால் தீப்பொறி எழுப்பும் பழைய முறை) கொண்ட பல இன்ஜின்களில் காயிலுக்கு இரண்டு வழிகளில் மின்சாரம் வரும். செல்ஃப் சுழலும்போது முழு பேட்டரி வோல்டேஜ் நேராக வரும். இன்ஜின் ஓடும்போது பேலஸ்ட் ரெசிஸ்டர் என்னும் மின்தடை வழியாகக் குறைந்த வோல்டேஜ் வரும். உங்கள் வண்டியில் இரண்டாவது வழி அறுந்திருக்கிறது. இந்த ரெசிஸ்டர் சில கார்களில் தனிப் பாகமாகத் தெரியாமல், வயரிங் கட்டுக்குள் ஓடும் ஒரு தடை வயராகவே மறைந்திருக்கும், புதிய வயரிங் செய்பவர் அதைச் சாதாரண வயர் என்று எண்ணி நீக்கிவிடுகிறார்.

வயர்களைக் கழற்றிவிட்டுக் காயிலின் பிரைமரியை, அதாவது அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு இடையிலான தடையை, அளந்து பாருங்கள். சுமார் 1.5 ஓம் என்றால் அது பேலஸ்ட்டுடன் வேலை செய்யும் காயில், அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்து ஓட்டினால் காயில் கொதிக்கும், பாயிண்ட்டுகள் கருகும். சுமார் 3 ஓம் என்றால் ரெசிஸ்டர் தேவையில்லை, சாவியிலிருந்து நேராக இணைக்கலாம். ரெசிஸ்டரைத் தேடி அலைவதைவிட 3 ஓம் காயிலுக்கு மாறிவிடுவதே எனக்குப் பிடித்த தீர்வு.

கேள்வி: டாஷ்போர்டு பொருத்திய நாளிலிருந்து தீப்பொறி அறவே இல்லை.

பதில்: ஆர்.பி.எம். மீட்டருக்கான வயர் காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து செல்கிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் அது நசுங்கி எர்த்தைத் தொட்டால் காயிலால் தீப்பொறி எழுப்பவே முடியாது. அந்த ஒரு வயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு முயன்று பாருங்கள்.

கேள்வி: தீப்பொறி நன்றாக இருக்கிறது. ஆனால் கார்புரேட்டர் வழியாக வெடிச்சத்தமும் நெருப்பும் வருகின்றன.

பதில்: தீப்பொறி இருக்கிறது, தவறான நேரத்தில் வருகிறது. இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழன்றால்தான், தீப்பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு முறை சுழலும். ஆகையால் புல்லியின் குறி பொருந்திவிட்டது என்பது மட்டும் போதாது, முதல் சிலிண்டர் அப்போது அழுத்த வீச்சின் முடிவில் இருக்க வேண்டும். முதல் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடி, கையால் இன்ஜினைச் சுழற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும் சுற்றில் குறி பொருந்தும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் முதல் பிளக்கின் வயரை நோக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நோக்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் பாதிச் சுற்று மாறிப் பொருத்தப்பட்டிருக்கிறது.

எரியும் வரிசையிலும் கவனம் தேவை. ஃபோர்டின் இரண்டு இன்ஜின்கள் கிட் கார்களில் நிறையப் பயன்பட்டிருக்கின்றன. கென்ட் கிராஸ்ஃப்ளோ 1-2-4-3 என்ற வரிசையிலும், பின்டோ 1-3-4-2 என்ற வரிசையிலும் எரிகின்றன. ஒன்றுக்குரிய வரிசையில் மற்றொன்றின் வயர்களைச் செருகினால் நீங்கள் சொல்லும் வெடிச்சத்தம்தான் வரும். வயர்களை ரோட்டார் சுழலும் திசையிலேயே எண்ணுங்கள்.

கேள்வி: இரட்டை வெபர் கார்புரேட்டர். பிளக்குகள் நனைந்தே வருகின்றன, பெட்ரோல் நாற்றம் தாங்க முடியவில்லை. பம்ப் பழைய காரிலிருந்து எடுத்தது.

பதில்: அந்தப் பழைய கார் இன்ஜெக்ஷன் வகையா என்று பாருங்கள். இன்ஜெக்ஷன் பம்ப் சுமார் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும், வெபருக்குத் தேவைப்படுவதோ சுமார் 3 பி.எஸ்.ஐ., அதாவது 0.2 பார். பம்பின் 3 பார் அழுத்தத்தை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையின் ஊசி வால்வால் தடுக்க முடியாமல் பெட்ரோல் வழிந்து இன்ஜினுக்குள் போகிறது. கார்புரேட்டருக்கான குறைந்த அழுத்தப் பம்பை வாங்கி, பெட்ரோல் டேங்கின் அருகே தாழ்வாகப் பொருத்துங்கள், ஏனெனில் அத்தகைய பம்புகள் தள்ளுவதில் வல்லவை, இழுப்பதில் பலவீனமானவை. பம்ப் சரியானதாக இருந்தால் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகச் செய்த டேங்க்குகளில் உலோகத் துருவல் மிஞ்சியிருப்பது வழக்கம்.

இன்னொரு காரணமும் உண்டு. வெபரில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜின் பிடிக்கவில்லை என்று பத்து முறை மிதித்தால் பிளக் நனையத்தான் செய்யும். நனைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தி, விட்டு விட்டு மிதிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், உள்ளே சேர்ந்தது வெளியேறும். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினில் பிளக்கை வெளியே வைத்துத் தீப்பொறி சோதிப்பதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். கசிவைத் துடைத்து, ஆவி கலையும்வரை காத்திருந்து, தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்ட பிறகே தொடருங்கள்.

கேள்வி: இன்ஜெக்ஷன் இன்ஜின். சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கிறது. செல்ஃப் அடிக்கும்போது தீப்பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

பதில்: இரண்டும் சேர்ந்து இல்லாததுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல துப்பு. இன்ஜின் சுழல்கிறது என்ற செய்தி ஈ.சி.யு.வுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போனால்தான் அது இரண்டையும் அனுமதிக்கும். எனவே அந்தச் செய்தியை அனுப்பும் கிராங்க் சென்ஸாரைப் பாருங்கள்: பற்சக்கரத்திலிருந்து அதன் இடைவெளி பொதுவாக 1 மி.மீ. அளவில் இருக்க வேண்டும், காந்த வகைச் சென்ஸாரில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கக் கூடாது. பழைய காரின் ஈ.சி.யு.வையே பயன்படுத்தியிருந்தால் அதன் இம்மொபிலைஸர் (திருட்டுத் தடுப்பு அமைப்பு) தடுக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படியானால் பழைய சாவியின் சிப்பும் அதைப் படிக்கும் வளையமும் இல்லாமல் அந்த ஈ.சி.யு. இன்ஜினை ஓட விடாது.

கேள்வி: பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, அரை மணி கழித்துத் தானாகப் பிடிக்கிறது.

பதில்: நின்ற அந்தக் கணத்திலேயே டேங்க் மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டால் டேங்க்குக்குக் காற்றுவழி இல்லை, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பைத் திணற வைக்கிறது. சத்தம் கேட்கவில்லை என்றால், சூடு ஆறுவதற்குள் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். அப்போது தீப்பொறி இல்லாமல், ஆறியபின் வருமானால் சூட்டில் செயலிழப்பது காயில் அல்லது இக்னிஷன் மாட்யூல் (காயிலை இயக்கும் மின்னணுப் பாகம்).