மார்கழித் தும்மலும் செட் மாத்திரையும்

கேள்வி: என் கணவருக்கு வயது 71. ஐப்பசி மழை தொடங்கினால் தை முடியும்வரை விடிந்ததும் பத்துப் பதினைந்து தும்மல். மூக்கில் தண்ணீராகக் கொட்டும், கண் அரிக்கும். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் செட் மாத்திரை வாங்கி நாலைந்து நாள் போட்டால் அடங்கும். இந்த வருடம் அதைப் போட்டால் மயங்கிக் கிடக்கிறார். இரவு பாத்ரூம் போகையில் தடுமாறி விழப் பார்த்தார். சிறுநீரும் சரியாகப் பிரியவில்லை என்கிறார். பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. வேறு நல்ல மாத்திரை இருந்தால் சொல்லுங்கள். (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, தும்மலைவிட அந்தத் தடுமாற்றமும் சிறுநீர்ச் சிக்கலும்தான் எனக்குக் கவலை தருகின்றன. இரண்டுக்கும் அந்த செட் மாத்திரையே காரணமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

சளிக்கும் தும்மலுக்கும் கொடுக்கும் செட்டில் பெரும்பாலும் குளோர்பெனிரமைன் அல்லது பெனிரமைன் இருக்கும். பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள் இவை. மூக்கொழுகலை நிறுத்தும் அதே வேலையை மூளையிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் காட்டிவிடும். முப்பது வயதில் கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான். எழுபதில் மருந்து உடம்பைவிட்டு வெளியேறவே நேரம் பிடிக்கும். தடுமாற்றம், குழப்பமான பேச்சு, மலச்சிக்கல், வாய் வறட்சி எல்லாம் வரும். ஆண்களுக்கு இந்த வயதில் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருப்பது சகஜம். சிறுநீர் அடைத்துக்கொள்ள இந்த மாத்திரை ஒன்று போதும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 65 வயதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்த வகை மருந்துகள் அதில் உள்ளன.

கூடவே மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றக்கூடும். சில செட்டுகளில் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் போடுகிறார்கள். "போட்டதும் கேட்கிறது" என்று பலர் சொல்வதற்கு அதுதான் காரணம். சர்க்கரை ஏறுவதற்கும் அதுதான் காரணம். நாலைந்து நாள் மட்டும் போட்டிருந்தால் இன்றே நிறுத்திவிடலாம். வாரக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டைச் சட்டென்று விடுவதும் ஆபத்து. மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்து, இது அலர்ஜிதானா? கண் அரிப்பும் தொடர் தும்மலும் சேர்ந்து, ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் வருவதால் அலர்ஜி என்றே தோன்றுகிறது. மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை வளரும். மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் பெருகும். மழைக்குப் பிறகு பார்த்தீனியம் காடாக மண்டிப் பூக்கும். ஆனால் வயதானவர்களிடம் ஒன்றைக் கேட்காமல் நான் முடிவுக்கு வருவதில்லை: சூடாக ரசம் சாப்பிட்டால் மூக்கு ஒழுகுகிறதா? குளிர்காற்று பட்டாலே ஒழுகுகிறதா? அரிப்பே இல்லாமல் வெறும் தண்ணீராக ஒழுகினால் அது மூக்கு நரம்புகளின் கோளாறு. அதற்கு அலர்ஜி மாத்திரை எத்தனை போட்டாலும் பெரிதாகக் கேட்காது. இப்ராட்ரோப்பியம் என்ற ஸ்பிரே கேட்கும். புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் மூக்கை அடைக்கலாம். பிரஷருக்கான எனலாப்ரில், ராமிப்ரில் வறட்டு இருமலைத் தரலாம். அதையெல்லாம் அலர்ஜி என்று நினைத்து மேலும் மாத்திரை போடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டது மாத்திரை. நான் முதலில் சொல்வது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஃப்ளூட்டிகாசோன், மொமெட்டாசோன் இரண்டில் ஏதாவது ஒன்று, டாக்டர் எழுதிக் கொடுத்து. ஸ்டீராய்டு என்றதும் பயம் வேண்டாம். மருந்து மூக்கின் உள்ளே மட்டும்தான் வேலை செய்கிறது. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்பதால் சர்க்கரைக்காரர்களும் பயன்படுத்தலாம். கண்ணில் நீரழுத்தம் இருந்தால் மட்டும் கண் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

"ஸ்பிரே அடித்தும் கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் பலர் அதைத் தப்பாக அடிக்கிறார்கள். தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். முதலில் மெல்ல மூக்கைச் சிந்த வேண்டும். தலையைச் சற்றே குனிந்துகொண்டு, வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடிக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிரேயின் நுனி மூக்கின் நடுத் தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் திரும்பும். நடுத் தண்டிலேயே அடித்துக்கொண்டிருந்தால் இரத்தம் கசியும். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அடித்தபின் உறிஞ்சி இழுக்கத் தேவையில்லை. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். தினமும் அடித்தால்தான் பலன். அடுத்த வருடம் ஐப்பசிக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிட்டால் பாதிச் சிரமம் வராமலே போகும்.

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து என்று விற்கிற ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வேறு வகை. அவற்றை மூன்று நாளுக்கு மேல் மூக்கில் விட்டுவந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். பிரஷர் இருப்பதால் உங்கள் கணவருக்கு அவை வேண்டவே வேண்டாம்.

ஸ்பிரேயை மீறியும் தும்மல் இருந்தால் ஃபெக்சோஃபெனடின் அல்லது லோராட்டடின் சேர்க்கலாம்; தூக்கம் குறைவு. ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறுடன் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும். எல்லோர் வீட்டிலும் இருக்கும் செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் தரும். சர்க்கரைக்காரர் என்பதால் கிரியேட்டினின் என்ற சிறுநீரக இரத்தப் பரிசோதனை பார்த்திருப்பீர்கள்; சிறுநீரக வேலை குறைந்திருந்தால் செட்ரிசினைப் பாதி அளவாக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதும் நல்லது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேராக மூக்கில் ஏறக் கூடாது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிரைக் குடித்த அமீபா மூளைக்காய்ச்சல், அசுத்தத் தண்ணீர் மூக்கு வழி ஏறுவதால் வருவதே. ஆவி பிடிப்பது சற்று இதமாக இருக்கும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வை மூடி உட்காரும் முதியவர்கள் வெந்துபோய் வருவதைப் பார்த்திருப்பதால் நான் அதை ஊக்குவிப்பதில்லை.

வீட்டில் ஒன்றிரண்டைச் செய்தாலே போதும். பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றுங்கள். உறைகளையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். அவர் படுக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளலாம். ஒட்டடை அடிக்கும் நாளில் அவரை வெளியே அனுப்பிவிடுங்கள். விடிகாலையில் கோயிலுக்குப் போகிறவர் என்றால் மூக்கையும் வாயையும் துண்டால் மூடிக்கொண்டு போகட்டும்.

ஒரு மூக்கில் மட்டும் அடைப்பு அல்லது இரத்தம், இரண்டு வாரம் தாண்டிய இருமல், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவை அலர்ஜிக் கணக்கில் சேரா. உடனே டாக்டரைப் பாருங்கள். காசநோயா என்று பார்க்க, இருமலுக்குச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள்.

இன்றைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவருக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தும் பிரியாமல், அடிவயிறு கல்லாக வீங்கி வலித்தால், காலை ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவர் போடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.