நாரி ஏன் வளைய மறுக்கிறது?

கேள்வி: எனக்கு 61 வயது. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நாரியில் நோ என்று ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் முகம் கழுவக் குனிந்தால் இறுக்கமாக இருக்கிறது. பல்கனிக் கொடியில் உடுப்புக் காயப்போடப் பின்பக்கம் வளைந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மகள் சுலபமாகக் குனிந்து கால்விரலைத் தொடுகிறாள். என் கை முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம்தான் போகிறது. எலும்பு தேய்ந்துவிட்டதா? எக்ஸ்ரே எடுக்கட்டா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: டீச்சர், நோ இல்லாத நாரிக்கு எக்ஸ்ரே எதற்கு? எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதில் 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. தங்கள் படத்தில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் குனியவே பயந்துபோய் என்னிடம் வருகிறார்கள். பிசியோதெரபிஸ்ட்டாக எனக்கு அந்தப் பயத்தைப் போக்குவதுதான் பெரிய வேலை.

வயது போகப் போக வட்டுகளில் நீர்ச்சத்து குறையும், பின்பக்கத்துச் சிறுமூட்டுகள் தடிக்கும். ஆனால் எல்லா அசைவும் ஒரே அளவில் குறைவதில்லை. பின்னால் வளைவதுதான் அதிகம் குறையும். முன்னால் குனிவதும் பக்கவாட்டில் சாய்வதும் குறைந்தாலும் அவ்வளவு இல்லை. திரும்புவதில் பெரிய மாற்றம் வராது. நாரி எலும்புகள் இளமையிலும் சில பாகைதான் திரும்பும், இழக்க அதிகம் ஏது? ஆக, கொடியடியில் உங்களுக்கு நடப்பது இந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதே.

மகளோடு போட்டி வேண்டாம். கால்விரலைத் தொடுவதில் நாரியின் பங்கு பாதிதான், மிச்சம் இடுப்பு மூட்டும் பின்தொடைத் தசையும். நாரியை மட்டும் அளக்க வேண்டுமென்றால் தையல் டேப்போடு மகளைக் கூப்பிடுங்கள். நாரிக்குக் கீழே இரு பக்கமும் குழி விழும் இடம் இருக்கிறதே, அந்த மட்டத்தில் நடுமுதுகில் பேனையால் ஒரு புள்ளி. அதற்கு 10 சென்ரிமீற்றர் மேலே ஒன்று, 5 சென்ரிமீற்றர் கீழே ஒன்று. முழங்காலை மடக்காமல் குனியுங்கள். மேல் புள்ளிக்கும் கீழ் புள்ளிக்கும் இடையில் 15 ஆக இருந்தது இளம் வயதினருக்கு 20க்கு மேல் நீளும். உங்கள் வயதில் அதைவிடக் குறைவாக வருவது வழமை. ஷோபர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1937இல் சொன்ன முறையைப் பின்னால் வந்தவர்கள் திருத்தியது இது. இன்னமும் கிளினிக்கில் இதைத்தான் செய்கிறோம், செலவும் இல்லை.

காலை இறுக்கத்துக்கு வேறு காரணம். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு உயரமாகக்கூட இருப்போம்! உப்பிய வட்டு குனிய விடாது. எழும்பி ஒரு மணி நேரத்துக்குள் அதில் கணிசமான பகுதி இறங்கிவிடும். அதுவரை பெரிய வாளியைத் தூக்காதீர்கள், முகம் கழுவும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். அப்புறம் மரைன் டிரைவ் பக்கம் நடந்துவிட்டு வந்து, இரு கையையும் நாரியில் ஊன்றி மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு முறை. தலை சுற்றினால், காலுக்குள் நோ இறங்கினால் நிறுத்திவிடுங்கள். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 27 வயது. சில மாதங்களாகக் காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நாரி விறைத்திருக்கிறது. விடியற்காலை நோவில் முழித்துவிடுகிறான். நடந்தால் குறைகிறது, படுத்தால் கூடுகிறது. ஒரே கதிரையில் இருந்து வேலை செய்வதாலா?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கதிரையைக் குறை சொல்லாதீர்கள். இது வயதால் வரும் இறுக்கமும் இல்லை. ஓய்வில் கூடி நடையில் குறையும் நாரி நோ 45 வயதுக்கு முன் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், முள்ளந்தண்டு மூட்டுகளில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடும்ப வைத்தியரிடம் இந்த விபரத்தை அப்படியே சொல்லி, வாதநோய் நிபுணருக்குக் கடிதம் வாங்குங்கள். கண் சிவந்து நோவது, குதிகால் நோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இவருக்கு மட்டும் ஸ்கேனுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.