விட்ட மணியிலிருந்து

அன்புள்ள அக்கா,

இயேசுவுக்கே புகழ். உங்கள் தவக்காலக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. பெயரைப் போட வேண்டாம்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து 3 வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்கள். திருப்பிப் போடுவது, துடைத்துவிடுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் நான்தான். வேலை முடிந்து இரவு 10 மணிக்கு மேல் செபமாலையை எடுத்தால் அதன் ஐந்து பகுதிகளில் இரண்டாவது தேவ இரகசியத்தைத் தாண்டுவதில்லை, தூங்கிவிடுகிறேன். முழித்திருக்கும் நாளிலும் வாய்தான் சொல்கிறது. மனசு பால் பாக்கி, மருந்துக் கடை என்று சுற்றுகிறது. முன்பெல்லாம் நற்கருணை வாங்கினால் கண் கலங்கும். இப்போது ஒன்றுமே தோன்றுவதில்லை.

எங்கள் தெருக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்தில் ஒரு அக்கா வாய்விட்டுச் செபித்தால் கேட்பவர்களுக்கு அழுகை வந்துவிடும். அவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. போன மாதம் ஒரு செபக்கூட்டத்துக்கு வந்தவர், "உங்களுக்கு உண்மையான விசுவாசம் இருந்திருந்தால் உங்கள் அத்தை இந்நேரம் எழுந்து நடந்திருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, "ஆண்டவரே, நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று சொல்லித்தான் செபத்தைத் தொடங்குகிறேன். அதுதான் தாழ்ச்சி என்று எங்கோ படித்தேன். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு செபிக்கவே மனசு வருவதில்லை. என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா அக்கா?

— ஒரு வாசகி, தூத்துக்குடி

*

அன்புள்ள தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதம் வந்து 2 நாள் ஆகிறது. முதல் நாள் எழுதியிருந்தால் அந்தச் செபக்கூட்டத்துக்காரரைத் திட்டி மட்டும்தான் எழுதியிருப்பேன். இப்போதும் கோபம் தணியவில்லை. அதனால் அந்தப் பேச்சை முதலில் எடுத்து வெளியே வைத்துவிடுகிறேன்.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு இந்தத் துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு அகலட்டும் என்று மூன்று முறை வேண்டினார். அகலவில்லை. பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கும் விசுவாசம் போதவில்லை என்று அந்த மனிதர் சொல்வாரா? நோயாளி படுத்திருக்கும் வீட்டில் நின்று, பார்த்துக்கொள்கிறவள்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது பாவம். அந்தச் சொல்லை நீங்கள் இனி ஒரு நாள்கூடச் சுமக்க வேண்டாம்.

சரி, தூக்கத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் குழந்தை தெரேசாள் படம் இருக்கும். பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜாப்பூக்களையும் மார்போடு அணைத்தபடி ஒரு கன்னியாஸ்திரி. அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, அவர் செபத்தில் தூங்கி வழிந்தவர் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 1888-ல், 15 வயதில் சேர்ந்தார். காலையில் 1 மணி நேரம், மாலையில் 1 மணி நேரம் மௌன தியானம் அங்கே நாள்தோறும் உண்டு. 1895-ல், அப்போது மடத்தின் தலைவியாக இருந்த சொந்த அக்காவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தன் நினைவுகளை எழுதினார். அதில் மறைக்காமல் சொல்கிறார்: 7 வருடமாகத் தியான நேரத்திலும், நற்கருணை வாங்கிய பிறகு நன்றி சொல்லும் நேரத்திலும் தூங்கிக்கொண்டிருக்கிறேன், இதற்காக நான் மனமுடைந்துபோக வேண்டும், ஆனால் போகவில்லை. காரணமும் சொல்கிறார். விழித்திருக்கும் பிள்ளையைப் போலவே தூங்கும் பிள்ளையும் பெற்றவர்களுக்குப் பிரியமானதுதான். வைத்தியர்கள் அறுவை சிகிச்சை செய்வதற்கு நோயாளியைத் தூங்கவைக்கிறார்கள். நாம் தூசி என்பது ஆண்டவருக்கு நினைவிருக்கிறது.

அந்த வைத்தியர் உவமைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தூங்குகிறவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் வேலை நடக்கிறது.

செபமாலையைப் பற்றியும் அவர் இப்படித்தான் உடைத்துப் பேசுகிறார். தனியாகச் செபமாலை சொல்வது உடலை வருத்தத் துறவிகள் அணியும் ஒறுத்தல் கருவியை அணிவதைவிடக் கடினமாக இருக்கிறது என்கிறார். தேவ இரகசியங்களில் மனதை நிறுத்த எவ்வளவு முயன்றாலும் நிற்பதில்லை. மாதாவை அவ்வளவு நேசிக்கிறவளுக்கு மாதாவின் செபம் ஏன் இனிக்கவில்லை என்று வெகுநாள் வருந்தியிருக்கிறார். பிறகு, அவர் என் தாய், என் நல்ல மனதைப் பார்த்திருப்பார், அது அவருக்குப் போதும் என்று தேறிக்கொண்டார். மனது ஒரேயடியாக வறண்டுபோன நேரங்களில் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபத்தை மிக மெதுவாக ஒரு முறை, அப்புறம் 'அருள் நிறைந்த மரியே' ஒரு முறை சொல்வாராம். அவசரமாக நூறு தடவை சொல்வதைவிட அது தனக்கு ஊட்டம் தருகிறது என்று எழுதியிருக்கிறார். விசுவாசத்தைக் கற்பிக்கும் பெரிய ஆசிரியர், திருச்சபையின் மறைவல்லுநர் என்று 1997-ல் அறிவிக்கப்பட்ட ஒருவர் சொல்வது இது.

என் ஆச்சி நினைவுக்கு வருகிறாள். பகலெல்லாம் ஓலைப்பெட்டி முடைவாள். விரல் நுனியெல்லாம் ஓலை கீறிய கோடுகள். ராத்திரி விளக்கடியில் எங்களை உட்காரவைத்துச் செபமாலை தொடங்கிவைப்பவள் அவள்தான், முதலில் தூங்கிப்போகிறவளும் அவள்தான். தலை சுவரில் சாய்ந்துவிடும். ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மணியை விடாது. நான் பக்கத்தில் குனிந்து உற்றுப் பார்த்திருக்கிறேன், இழுத்தாலும் வராத பிடி. விழித்ததும் முதலிலிருந்து தொடங்கமாட்டாள், அந்த மணியிலிருந்தே சொல்வாள். "ஆச்சி, தூங்கிட்டியே, கணக்குத் தப்பாதா?" என்று ஒரு நாள் கேட்டேன். "கணக்கெல்லாம் மாதா பாத்துக்குவா. நீ சொல்லு" என்றாள்.

'வாய்தான் சொல்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தூத்துக்குடிக்காரிக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1542-ல் மறைபரப்ப வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் உங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் தாய்மொழி பாஸ்க். இரண்டு பக்க மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், மரியே வாழ்க என்று ஒவ்வொன்றாகத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, அந்த வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். சொல்லிச் சொல்லிக் குரல் கட்டிப்போனதாக 1544 சனவரியில் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஒட்டாத மொழியில் தட்டுத்தடுமாறி ஒப்புவித்த அந்தச் செபத்திலிருந்து வந்ததுதான் இன்று உங்கள் வாயில் ஓடும் செபம். வாய் சொல்வதை அவ்வளவு மட்டமாக நினைக்காதீர்கள். மனசு ஓடிப்போன நாளில் வீட்டைக் காவல் காப்பது வாய்தான்.

இந்தச் சவேரியாரையும், மடத்தைவிட்டு வெளியே போகாமலே செத்துப்போன தெரேசாளையும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலர்களாகத் திருச்சபை சேர்த்துவைத்தது 1927-ல். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இனி, உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. தெரேசாளின் மடத்தில் மூட்டுகள் முடங்கிப்போன ஒரு வயதான சகோதரி இருந்தார். அவரைத் திருப்திப்படுத்துவது யாராலும் ஆகாத காரியம். மாலைத் தியானத்தின் நடுவில், 6 மணிக்கு 10 நிமிடம் இருக்கும்போது, யாராவது எழுந்து அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். தெரேசாள் தானாக முன்வந்தார். தியான நேரத்தை அளக்கும் மணல் கடிகாரத்தை அந்த அம்மா ஆட்டிக் காட்டினால், 'கிளம்பு' என்று அர்த்தம். உடனே எழ வேண்டும். அவர் உட்கார்ந்திருக்கும் பெஞ்சை ஒரு தினுசாகத்தான் நகர்த்த வேண்டும், அவசரப்படக் கூடாது. இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். கால் தடுக்கினால், "வேகமாகப் போகிறாய், விழுந்து உடைந்துவிடுவேன்." மெதுவாக நடந்தால், "உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாயா, நீ சின்னப் பெண், உன்னால் என்ன ஆகும்." எப்படியோ கொண்டுபோய் உட்காரவைத்து, கைச்சட்டையை மடித்துவிட்டு, வந்துவிடுவார். சில நாளில், அந்த அம்மா ரொட்டியை அறுக்கத் திணறுவதைப் பார்த்துவிட்டு, அதையும் அறுத்துக்கொடுத்து, தன்னிடம் இருக்கிற நல்ல சிரிப்பு ஒன்றையும் சிரித்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அந்தக் கிழவியின் மனம் இளகியது அந்தச் சிரிப்பில்தான்.

ஒரு குளிர்கால இரவு. வழக்கம்போலக் கூட்டிப்போகும்போது தூரத்தில் எங்கோ வாத்திய இசை கேட்டது. விளக்கெல்லாம் ஏற்றிய ஒரு பெரிய கூடம், நல்ல துணி உடுத்திய பெண்கள், ஒருவருக்கொருவர் சொல்லும் இனிய சொற்கள் எல்லாம் அவர் மனதில் வந்தன. கையில் பிடித்திருந்ததோ ஒரு நோயாளி. இசைக்குப் பதில் முனகல். சுற்றிலும் மங்கிய வெளிச்சத்தில் மடத்தின் செங்கல் சுவர். அந்த நொடியில் உள்ளே வந்த ஒளியை விவரிக்க முடியாது என்கிறார். அந்த 10 நிமிட வேலையைக் கொடுத்து ஆயிரம் வருட விருந்தை வாங்கிக்கொள் என்றாலும் வேண்டாம் என்றிருப்பாராம்.

நேரத்தைப் பார்த்தீர்களா? தியானத்தை விட்டு எழுந்துபோன நேரம். 7 வருடம் மண்டியிட்டபோதெல்லாம் தூங்கியவருக்கு, ஒரு கிழவியின் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அது கிடைத்தது. உங்கள் அத்தையைத் திருப்பிப் போடும்போது முதுகுக்கு அடியில் நீங்கள் கொடுக்கும் கை இருக்கிறதே, அதை நீங்கள் உங்கள் செபக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 10 மணிக்கு மேல் நடப்பதை மட்டும் செபம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தாழ்ச்சியைப் பற்றி அவிலா தெரேசாள், குழந்தை தெரேசாளுக்குச் சுமார் 300 வருடம் முந்தியவர், சுருக்கமாகச் சொல்லிவைத்தார்: தாழ்ச்சி என்றால் உண்மையில் நடப்பது. அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 'நான் எதற்கும் லாயக்கில்லாதவள்' என்பது உண்மையா? 3 வருடமாக ஒரு உடம்பைப் புண் வராமல் காப்பாற்றுகிறவள் அப்படிச் சொன்னால் அது பொய். பொய்யைச் சொல்லிச் செபத்தைத் தொடங்கினால் செபம் எப்படி நகரும்? 'ஆண்டவரே, இடுப்பு வலிக்கிறது. இன்றைக்கு அத்தைமேல் எரிந்து விழுந்தேன். உம்மை நினைக்கவே தோன்றவில்லை.' இது உண்மை. இயேசு சொன்ன உவமையில், கோயிலில் தூரத்தில் நின்ற வரிதண்டுபவரின் செபமும் இவ்வளவு சின்னதுதான்.

அந்த உவமையில் இன்னொன்றும் இருக்கிறது. அதே கோயிலில் செபிக்க வந்த பரிசேயர், தன்னை நீதிமான் என்று நினைத்தவர், ஆண்டவரிடம் பேசிக்கொண்டே பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார், தன்னைவிடக் கீழே இருக்கிறான் என்று. நீங்களும் பக்கத்தில் அந்த அன்பியத்து அக்காவைப் பார்க்கிறீர்கள், தன்னைவிட மேலே இருக்கிறார் என்று. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு, அதனால்தான் தெரிகிறது. வரிதண்டுபவர் யாரையும் பார்க்கவில்லை.

கடைசிக் கேள்வி, விசுவாசம் செத்துப்போய்விட்டதா என்பது. 1896-ல் பெரிய வெள்ளிக்கு முந்திய இரவு தெரேசாளுக்கு முதல்முறை வாயில் இரத்தம் வந்தது. காசநோய். அதற்குச் சில நாளில், பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலேயே, உள்ளே இருட்டு சூழ்ந்தது. மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற நிலை. இது திரை இல்லை, வானம்வரை எழும்பி நிற்கும் சுவர் என்று எழுதினார். அந்த ஒரு வருடத்தில் சொன்ன அளவுக்கு 'விசுவசிக்கிறேன்' என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னதில்லையாம். விசுவாசப் பிரமாணத்தைத் தன் இரத்தத்தால் எழுதி, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30-ல், 24 வயதில் இறக்கும்வரை அந்த இருட்டு முழுதாக விலகவில்லை. அவர் பெயரையே தன் பெயராக எடுத்துக்கொண்ட கல்கத்தா அன்னை தெரேசாவும் பல பத்து வருடம் இதே வறட்சியில் நடந்தவர் என்பது 2007-ல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தபோது உலகத்துக்கே தெரிந்தது. "நான் நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்" என்று மாற்கு நற்செய்தியில் ஒரு தகப்பன் கதறுகிறானே, அவன் பிள்ளையை இயேசு குணமாக்காமல் அனுப்பவில்லை. செத்த விசுவாசம் செத்துவிட்டதா என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாது தங்கச்சி.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இரவு 10 மணிக்கு முழுச் செபமாலை வேண்டாம். அத்தைக்குக் கஞ்சி கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து செபமாலையின் பத்து மணிகளை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள். அவர்கள் உதடு அசையலாம். பங்குச் சாமியாரிடம் சொன்னால் மாதத்தின் முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவருவார், அன்றைக்கு நீங்களும் அதே கட்டில் ஓரத்தில் இருங்கள். அப்புறம், அந்த அன்பியத்து அக்காவிடம் போய், "வாரம் ஒரு சாயந்திரம் அத்தைகூட 2 மணி நேரம் இருக்கிறீர்களா, நான் கொஞ்சம் தூங்க வேண்டும்" என்று கேளுங்கள். இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அத்தையின் ஞானஸ்நானப் பெயரை எழுதி அனுப்புங்கள். இன்றிரவிலிருந்து என் 53 மணிச் செபமாலையில் உங்கள் இரண்டு பேருக்கும் இடம் உண்டு. நீங்கள் இரண்டாவது தேவ இரகசியத்தில் தூங்கிவிட்டால் மூன்றாவதிலிருந்து நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா