லிக்விடேட்டர் செய்வது தவறென்று தோன்றினால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி லிக்விடேஷனில் (சொத்தை விற்றுக் கடனை அடைத்து மூடும் நடவடிக்கை) இருக்கிறது. அதை நடத்தும் லிக்விடேட்டர் என் சம்பள பாக்கியைக் குறைத்துவிட்டார். இயந்திரங்களையும் அடிமாட்டு விலைக்கு விற்கிறார் என்கிறார்கள். அவரைக் கேள்வி கேட்க முடியுமா?

முடியும். என் மச்சானுக்காக ஒரு வருடம் அலைந்தவன் என்பதால் சொல்கிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினாறு வருடம் லேத் ஓட்டியவர் அவர். மூடியபோது பதினொரு மாதச் சம்பளம் நிலுவை. லிக்விடேட்டர் ஏற்றுக்கொண்டதோ ஆறு மாதத்துக்கு மட்டும்.

நாங்கள் முதலில் போனது சென்னைக்கு. தமிழ்நாட்டுத் தொழிற்சாலை, எனவே சென்னை அமர்வு என்று நினைத்துவிட்டோம். கம்பெனியின் பதிவு அலுவலகம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்துக்கான தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாய அமர்வுதான் விசாரிக்கும். இந்தக் கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் பெங்களூரு. ஓசூர்க்காரர்கள் இதை முதலில் பார்த்துவிடுங்கள். மேல்முறையீடு என்று வந்தால் இரண்டு மாநிலத்துக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுதான்.

அடுத்தது நாள் கணக்கு. 2016 திவால் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி, லிக்விடேட்டரின் முடிவு கைக்கு வந்த 14 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் முறையிட வேண்டும். மச்சானுக்கு முடிவு ஈமெயிலில் வந்தது. அதை அவர் பார்த்தது எட்டு நாள் கழித்து. பதின்மூன்றாம் நாள் தாக்கல் செய்தோம். அந்த ஐந்து நாளில் தூங்கினோமா என்றே நினைவில்லை.

கடைசி ஐந்து மாதத்துக்குக் கம்பெனி சம்பளச் சீட்டே தரவில்லை. அதனால்தான் அந்தத் தொகை தள்ளுபடி. வாட்ஸ்அப் குழுவில் வந்த ஷிப்ட் பட்டியல், சம்பளம் ஏறாத பாஸ்புக் பக்கங்கள் எல்லாம் சேர்த்தோம். எங்கள் வக்கீல் ஒரு விதியைக் காட்டினார்: தொழிலாளி மனுவே கொடுக்காவிட்டாலும், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து லிக்விடேட்டர் அவர் பாக்கியை ஏற்கலாம். அந்தப் புத்தகங்கள் இருப்பது லிக்விடேட்டரிடம்தானே! வருகைப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி முடிவு செய்யத் தீர்ப்பாயம் சொன்னது. பதினொரு மாதமும் ஏறியது. லிக்விடேஷன் தொடங்குவதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கி, பணத்தைப் பங்கிடும்போது அடமான உரிமையை விட்டுக்கொடுத்த வங்கிகளோடு சமவரிசையில் நிற்கும். அதனால் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளிலிருந்து வர வேண்டிய தொகை கம்பெனிச் சொத்தில் சேராது. ஏபிஜி ஷிப்யார்டு தொழிலாளர் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. கிராஜுவிட்டிக்குத் தனி நிதியே கம்பெனி வைக்கவில்லை என்றால் சிக்கல்தான். அப்போதும் மனுவில் அதை எழுதாமல் விடாதீர்கள்.

இனி இயந்திர விற்பனை. இதில் உங்களுக்கு வருத்தமான பதில்தான். 'இன்னும் நல்ல விலை வந்திருக்கும்' என்பது மட்டும் தீர்ப்பாயத்தில் நிற்காது. லிக்விடேட்டருக்கே அது நிற்கவில்லை: கூடுதல் விலை வரும் என்ற எதிர்பார்ப்பில் ஒரு லிக்விடேட்டர் ஏலத்தை ரத்து செய்ததை ஈவா அக்ரோ வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விதிமீறல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏலமா, தனிப்பேச்சில் விற்பனையா? தனி விற்பனை என்றால் விதி சொல்லும் காரணம் எது? வாங்கியவர் பழைய முதலாளிக்கு வேண்டியவரா? அப்படியானால் தீர்ப்பாயத்தின் முன் அனுமதி இருந்ததா? லிக்விடேட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்ப்பாயத்துக்கு அறிக்கை தர வேண்டும். உங்கள் வக்கீல் அதைக் கேட்டு வாங்க முயலட்டும்.

லிக்விடேட்டர்களைக் கண்காணிக்கும் ஐ.பி.பி.ஐ. (இந்திய திவால் வாரியம்) என்ற அமைப்பிலும் புகார் செய்யலாம். அது லிக்விடேட்டர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும், பதிவையே ரத்து செய்யவும் முடியும். ஆனால் உங்கள் சம்பளத் தொகையைத் திருத்தித் தராது. அதற்குத் தீர்ப்பாயம்தான். வாரியப் புகாரை நம்பி 14 நாளைக் கழித்துவிட்ட இருவரை எனக்குத் தெரியும்.

மச்சானுக்குப் பணம் இன்னும் வரவில்லை, ஷெட் ஏலம் போன மாதம்தான் முடிந்தது. உங்களுக்கு வந்த முடிவில் என்ன தேதி போட்டிருக்கிறது? அதைக் கமெண்டில் எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.